புதையற் காசுகளும் அவற்றின் உரிமையும்

உரோமப் பேரரசின் கீழைத்தேய வாணிகத்தைப்பற்றி வகுப்பிலே கற்பித்துக்கொண்டிருந்தபொழுது, யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் உரோமக் காசுகள் கிடைத்துள்ளன என்று ஒருமுறை கூறினேன். உடனே கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் வளவிலே கிணறு வெட்டும்பொழுது காசு நிறைந்த குடமொன்று அகப்பட்டால் அது யாருக்குச் சேரும்? எங்களுக்கா, கிணறு வெட்டினவருக்கா, அரசாங்கத்துக்கா?" என்று வினாவினான். வகுப்பு முழுவதும் நகைத்தது. "அரசாங்கத்துக்கு" என்று ஒரு சொல்லில் விடையளித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் நூல்களைத் துருவியபொழுது, அம்மாணவன் கேட்ட கேள்வி ஈராயிரம் ஆண்டுகளாகப் பேரரசரும் சாத்திரகாரரும் நீதிபதிகளும் விடைகாண முயன்ற கேள்வி என்பது புலனாயிற்று. அவர்கள் கண்ட விடைகளையும், அவ்விடைகளால் விளைந்த நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

மக்கள் பொருளை ஏன் நிலத்திற் புதைத்தனர் என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வங்கிகள் இல்லாத காலத்தில் மண்ணே மக்களின் பெட்டகமாயிருந்தது. போர் வந்தபோதும், கொள்ளைக்கு அஞ்சியபோதும், தொலைப்பயணம் புறப்பட்டபோதும் பொருளுடையோர் அதனைக் குடத்திலிட்டுப் புதைத்தனர். மீண்டு வந்தோர் தோண்டி எடுத்தனர். இன்று நமக்குக் கிடைக்கும் ஒவ்வொரு குடமும் பெரும்பாலும் மீண்டு வராத ஒருவரின் குடமாகும். 1667ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கடற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் நுழைந்தபொழுது, இலண்டன் நகரிற் கடற்படை அலுவலராயிருந்த சாமுவேல் பீப்ஸ் என்பார் தம் பொன்னை நாட்டுப்புறத்துக்கு அனுப்பினார். அவருடைய மனைவியும் தந்தையும் அதனைத் தோட்டத்திற் புதைத்தனர். அச்சம் நீங்கியபின் அவர் சென்று இராக்காலத்தில் விளக்கொளியிலே தோண்டியபொழுது பைகள் உக்கிக் காசுகள் மண்ணோடு மண்ணாய்க் கலந்திருந்தன. மண்ணைக் கழுவியும் அரித்தும் பெரும்பகுதியை மீட்டார், சிலவற்றை இழந்தார். புதைத்தவர் உயிரோடிருந்து, இடத்தையும் அறிந்து, சில திங்களுக்குள் திரும்பிய பொழுதே நிலைமை இதுவாயின், புதைத்தோர் மாண்டு பல நூற்றாண்டு கழிந்த குடத்தைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை.

அத்தகைய குடம் வெளிப்பட்டவுடன் உரிமை கோரக்கூடியோர் நால்வர். புதைத்தோனும் அவன் வழித்தோன்றலும் ஒருவர், கண்டெடுத்தோன் மற்றொருவன், நிலத்துக்கு உரியோன் மூன்றாமவன், நாட்டை ஆளும் அரசு நான்காவது. புதைத்தோனின் மரபை நிறுவ முடியாதபொழுது வழக்கு மற்றை மூவரிடையே நிகழ்கின்றது. இம்மூவருள் யாருக்கு எவ்வளவு என்பதிலேயே நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் சட்டங்கள் வேறுபடுகின்றன.

உரோமச் சட்டவறிஞர் புதையலுக்கு வகுத்த இலக்கணம் மிகவும் நுட்பமானது. இன்னார் வைத்தார் என்னும் நினைவு அற்றுப்போனமையால் உடையவன் இல்லாததாகிவிட்ட பழைய வைப்பே புதையல் என்றார் பவுலுஸ் என்னும் சட்ட நிபுணர். எனவே நேற்று அயலவன் மறைத்துவைத்த பணத்தை இன்று எடுப்போன் புதையல் கண்டவன் ஆகான், திருடனேயாவான். உண்மைப் புதையலைப் பொறுத்தவரை கி. பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹேட்ரியன் என்னும் பேரரசன் ஒரு விதி செய்தான். தன் நிலத்தில் தான் கண்டது முழுவதும் தனக்கே உரியது. பிறன் நிலத்தில் தற்செயலாகக் கண்டதிற் பாதி கண்டவனுக்கு, பாதி நிலத்தவனுக்கு. ஜஸ்டீனியன் பேரரசன் 6ஆம் நூற்றாண்டில் தொகுத்த சட்ட நூலிலும் இவ்விதி இடம்பெற்றது. 'தற்செயலாக' என்னும் சொல் ஈண்டுக் கருதத்தக்கது. பிறன் நிலத்திற் புதையல் தேடும் நோக்குடனே அகழ்ந்தவனுக்கு உரோமச் சட்டம் பங்கு அளிக்கவில்லை.

பாரத நாட்டுச் சாத்திரங்கள் அரசனை முன்வைத்துப் பேசுகின்றன. மனுதர்ம சாத்திரத்தின் எட்டாம் அத்தியாயம் உடையவன் காணாமற்போன பொருளை அரசன் மூன்றாண்டு காத்துவைக்க வேண்டும் என்கின்றது. அதற்குள் உடையவன் வந்து அடையாளங் கூறின் அவன் பெறலாம். புதையலைத் தன்னது என்று உண்மையாக நிறுவுவோனிடம் அரசன் ஆறிலொன்றோ பன்னிரண்டிலொன்றோ கொள்ளலாம். பொய் கூறியவனுக்குத் தண்டமுண்டு. நிலத்திலுள்ள பழம் வைப்புகளிற் பாதி அரசனுக்கு உரியது என்றும், அவன் காவல் செய்வதாலும் மண்ணுக்குத் தலைவனாதலாலும் அவ்வுரிமை வந்தது என்றும் அச்சாத்திரம் காரணமுங் காட்டுகின்றது. கற்றறிந்த பிராமணன் கண்டதை முழுவதும் அவனே கொள்ளலாம் என்னும் விதியும் அங்கு உளது. அது அக்காலச் சமுதாய அமைப்பின் சுவடு.

கௌடிலியரின் அருத்தசாத்திரம் இதனை ஆட்சியாளனின் கண்கொண்டு நோக்குகின்றது. சுரங்கம், மணி, புதையல் ஆகியவற்றைக் கண்டு அறிவித்தவனுக்கு ஆறிலொரு பங்கு; அவன் கூலியாளாயின் பன்னிரண்டிலொரு பங்கு. நூறாயிரம் பணத்துக்கு மேற்பட்ட புதையல் அரசனையே சேரும். முன்னோர் வைத்தது என்று நேர்மையாக நிறுவுவோன் முழுவதும் பெறலாம். அறிவிக்காது மறைத்தவனுக்குப் பெருந்தண்டம் விதிக்கப்படுகின்றது. இவ்விதிகளுள் 'அறிவித்தவனுக்குப் பங்கு' என்பதனை வாசகர் நினைவிற் கொள்க. அதன் அருமையைப் பின்னர்க் காண்போம்.

தமிழ் நூல்களுள்ளும் இப்பொருள் பேசப்படாமலில்லை. பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் வேந்தனுக்கு உரிய பொருள்களை மூன்றாக வகுத்து, அவற்றுள் முதலாவதாக 'உறுபொருள்' என்பதனை வைத்தார். உடையார் இல்லாமையால் தானே வந்தடையும் பொருள் அது. உரை கண்ட பரிமேலழகர் அதனை இருவகையாக விரிக்கின்றார்: வைத்தவர் இறந்துபோக நெடுங்காலம் நிலத்திற் கிடந்து பின் கண்டெடுக்கப்பட்டது ஒன்று, தாயத்தார் பெறாதது மற்றொன்று. நெடுந்தொலைவுக்கு அப்பாலிருந்த உரோமச் சட்டவறிஞர் கூறிய இலக்கணமும் நம் உரையாசிரியர் கூறிய இலக்கணமும் 'நினைவு அற்ற பழைய வைப்பு' என்னும் கருத்தில் ஒன்றுபடுதல் வியத்தற்குரியது. ஆனால் முடிவு வேறு. உரோமர் அதனைக் கண்டவனுக்கும் நிலத்தவனுக்கும் பகிர்ந்தனர். நம்மவர் வேந்தனுக்கு உரியதாக்கினர்.

இனி இங்கிலாந்தின் சட்டத்துக்கு வருவோம். புதையற் காசுபற்றிய வழக்குகள் அந்நாட்டில் மிகுதியாக நிகழ்ந்து, நன்கு பதிவுசெய்யப்பட்டும் உள்ளன. ஒரு சட்டத்தின் குறை எவ்வாறு வெளிப்பட்டது, எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை அங்கே படிப்படியாகக் காணலாம். பழைய ஆங்கில வழக்கின்படி புதையல் முடிக்கு உரியது. ஆயினும் இரு நிபந்தனைகள் இருந்தன. பொருள் பொன்னாகவோ வெள்ளியாகவோ இருத்தல் வேண்டும். வைத்தவன் மீண்டும் எடுக்கும் கருத்துடன் மறைத்திருத்தல் வேண்டும். தவறி விழுந்த காசும், திரும்ப எடுக்கும் எண்ணமின்றி விடப்பட்ட பொருளும் புதையல் ஆகா. இதனைத் தீர்மானிப்பவர் மரண விசாரணை அதிகாரி. எனவே ஆயிரம் ஆண்டுக்கு முன் மாண்ட ஒருவன் புதைக்கும்பொழுது என்ன நினைத்தான் என்பதை யூரர் இருந்து முடிவு செய்யும் விநோதம் அங்கே நிகழ்ந்தது.

1939ஆம் ஆண்டில் சஃபோக் மாகாணத்தில் சட்டன் ஹூ என்னும் இடத்திலே மண்மேடு ஒன்றை அகழ்ந்தபொழுது, கி. பி. 7ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னனுக்காகப் புதைக்கப்பட்ட கப்பல் வெளிப்பட்டது. அணிகலன்களோடு ஒரு பணப்பையும் கிடைத்தது. அதனுள் 37 பொற்காசுகளும், அச்சிடப்படாத 3 பொன்வட்டுக்களும், 2 சிறு பொற்கட்டிகளும் இருந்தன. காசுகள் யாவும் பிராங்கியரின் நாட்டவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அக்கசாலையில் அடிக்கப்பட்டது. மறுவுலகிற் கப்பலைச் செலுத்தும் நாற்பது துடுப்புக்காரருக்கும் சுக்கான் பிடிப்போனுக்கும் உரிய கூலியாக அவை வைக்கப்பட்டன போலும் என்று கருதிய அறிஞரும் உளர். விசாரணையிலே யூரர், இறந்தோனுக்கு அளித்த பொருளைத் திரும்ப எடுக்கும் கருத்து யாருக்கும் இருந்திராது. ஆதலின் இது புதையல் அன்று எனத் தீர்த்தனர். எனவே பொருள் அனைத்தும் நிலத்துக்கு உரியவரான பிரெட்டி அம்மையாருக்குச் சேர்ந்தது. அவர் அவற்றை நாட்டுக்கே நன்கொடையாக ஈந்தார். இன்று அவை பிரித்தானிய நூதனசாலையிற் காணப்படுகின்றன. நாட்டின் செல்வம் நாட்டுக்குக் கிடைத்தது உண்மையே. ஆயினும் அதனைக் காத்தது ஒரு பெண்மணியின் பெருந்தன்மை. சட்டம் அதனைக் காக்கவில்லை.

மற்றொரு வழக்கு சட்டத்தின் குறையை இன்னுந் தெளிவாக்கியது. லிங்கன்சயரிலுள்ள கோல்பி என்னும் ஊரின் வயலொன்றிலே 1970களில் 7,811 உரோமக் காசுகள் ஒரு தாழியுடன் கிடைத்தன. அவை கி. பி. 3ஆம் நூற்றாண்டுக்குரியவை. முடியின் உரிமையை அப்பகுதியிற் பெற்றிருந்த லங்காஸ்டர் கோமகவுரிமை அவற்றைத் தனக்கெனக் கோரியது. பண்ணைக்கு உரியோர் மறுத்தனர். டெனிங் பிரபு தலைமை தாங்கிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1980களின் தொடக்கத்திலே தீர்ப்பளித்தது: பொன்னோ வெள்ளியோ கணிசமான அளவு கலந்திருந்தாலன்றி ஒரு காசைப் பொற்காசு, வெள்ளிக்காசு எனல் ஆகாது, இக்காசுகளில் உள்ள வெள்ளி மிகச் சொற்பம், ஆதலின் இவை புதையல் அல்ல. காசுகள் பண்ணைக்கே சேர்ந்தன.

சட்டத்தின் எழுத்தை நோக்கின் இத்தீர்ப்பிற் குற்றமில்லை. வரலாற்று மாணவன் நோக்கின் நிலைமை வேறு. 3ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசு உட்பூசலாலும் படையெடுப்பாலும் நலிந்தது. படைவீரருக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளி போதாமையாற் பேரரசர் ஒருவர்பின் ஒருவராய்க் காசிலே செம்பைக் கலந்தனர். ஈற்றில் வெள்ளிப் பூச்சே மிஞ்சியது. பண்டங்களின் விலை ஏறியது. கோல்பிக் காசுகளிலுள்ள வெள்ளிக்குறைவே அவற்றின் வரலாற்றுப் பெறுமதி. அக்குறைவே அவற்றைச் சட்டத்தின் காவலுக்குப் புறம்பாக்கியது! உலோகத்தின் விலையை மாத்திரம் கண்ட சட்டத்துக்கு அந்த உலோகம் கூறிய செய்தி செவிப்படவில்லை.

இவ்விடத்திலே, காசுகள் கூட்டமாய்க் கிடைப்பதனால் விளையும் அறிவு யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். தனிக்காசு ஒன்று தன்னை அடித்த அரசனையும் அடித்த காலத்தையும் மாத்திரம் கூறும். ஒரே குடத்திற் கிடந்த காசுகள் அதனினும் மிகுதியாகக் கூறும். அவற்றுட் பிந்திய காசு எந்த ஆண்டினதோ அந்த ஆண்டிலோ அதற்குப் பின்னரோதான் குடம் புதைக்கப்பட்டிருத்தல் வேண்டும். எந்நாட்டுக் காசுகள் எந்த வீதத்திற் கலந்துள்ளன என்பதால் வாணிக வழிகள் புலப்படும். தேய்மானத்தால் அவை எவ்வளவு காலம் கைமாறின என்பது புலப்படும். குடத்திலிருந்து பத்துக் காசை ஒருவரும் இருபது காசை இன்னொருவரும் எடுத்துச் சென்றுவிட்டால் இவ்வறிவு முழுவதும் சிதைந்துபோம். ஏட்டுச்சுவடியின் கட்டை அவிழ்த்து ஓலைகளைப் பல ஊருக்கு விற்றுவிட்டாற்போல ஆகும். எனவே உரிமை வழக்கில் நால்வரோடு ஐந்தாவதாக ஒரு தரப்பும் உண்டு. அதுவே பின்வருவோரின் அறிவு. அதற்காக வழக்குரைக்க நீதிமன்றத்தில் எவரும் எழுவதில்லை.

1992ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி சஃபோக்கிலுள்ள ஹொக்சன் என்னும் ஊரிலே நிகழ்ந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கமக்காரர் ஒருவர் தம் வயலிலே சம்மட்டியொன்றைத் தொலைத்தார். ஓய்வுபெற்ற தோட்டக்காரரான அவர் நண்பர் உலோகங்காட்டும் கருவியோடு அதனைத் தேடச் சென்றார். கருவி ஒலித்த இடத்திலே காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் தோன்றின. அவர் மேலுந் தோண்டாது நிறுத்தி உரியோருக்கு அறிவித்தார். ஆராய்ச்சியாளர் மறுநாளே வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகளும், பொன் வெள்ளிப் பண்டங்களும் கிடைத்தன. அவை மரப்பெட்டி ஒன்றினுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிய முடிந்தது. பிந்திய காசுகள் கி. பி. 407-408ஆம் ஆண்டுக்குரியவை. ஆதலின் உரோமர் ஆட்சி பிரித்தானியாவை விட்டு அகன்ற காலத்தையொட்டியோ அதன் பின்னரோ அப்பெட்டி புதைக்கப்பட்டதென்பது தெளிவு. வெள்ளிக் காசுகளிற் பெரும்பாலானவற்றின் ஓரங்கள் நறுக்கப்பட்டிருந்தன. புதிய காசு வராத நாட்டிலே பழைய காசை நறுக்கி வெள்ளி சேர்த்தனர் என்பதை அது காட்டியது. கண்டவருக்கு 17½ இலட்சம் பவுண் பரிசளிக்கப்பட்டது. சட்டம் வற்புறுத்தாதிருந்தும் அவர் அதனைக் கமக்கார நண்பருடன் பகிர்ந்துகொண்டார். தொலைந்த சம்மட்டியும் பின்னர் அகப்பட்டது. அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

ஹொக்சனில் யாவும் நன்றாய் முடிந்தமைக்குக் காரணம் ஒரு மனிதரின் நேர்மையும், அறிவித்தவருக்கு உரிய விலை கொடுக்கும் வழக்கமும் ஆகும். இதனைச் சட்டமாகவே நிலைநாட்டும்பொருட்டுப் பாராளுமன்றம் 1996ஆம் ஆண்டிற் புதையற் சட்டத்தை இயற்றியது. அது அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மறைத்தவனின் மனத்தை ஆராயும் பழைய விதி நீக்கப்பட்டது. 300 ஆண்டுப் பழமையும் 10 வீதமேனும் பொன் அல்லது வெள்ளியும் உடைய காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ பலவோ கிடைப்பின் புதையலாகும். பொன் வெள்ளி அதனிற் குறைந்த காசுகளாயினும் பத்துக் காசுகள் ஒருங்கு கிடைப்பிற் புதையலாகும். எனவே கோல்பியிற் கிடைத்தது போன்ற குடம் இன்று சட்டத்திற்குத் தப்பாது. கண்டவர் 14 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். நூதனசாலை பொருளைக் கொள்ள விரும்பின் நிபுணர் குழு மதித்த சந்தை விலை, பெரும்பாலும் கண்டவருக்குப் பாதியும் நிலத்தவருக்குப் பாதியுமாக வழங்கப்படும். பொருள் முடிக்கு; விலை பழைய ஹேட்ரியனின் பங்கீட்டின்படி. இவ்வாறு இரு பெரு மரபுகள் ஒரு சட்டத்துள் இணைந்தன. 2023ஆம் ஆண்டில், 200 ஆண்டுக்கு மேற்பட்ட சிறப்புமிக்க உலோகப் பொருள்கள் சிலவும் பொன் வெள்ளி என்னும் வரையறையின்றி இச்சட்டத்துட் சேர்க்கப்பட்டன.

நல்ல சட்டம் இருந்தும் பேராசை ஒழியவில்லை என்பதற்கு 2015ஆம் ஆண்டு சான்று பகர்கின்றது. அவ்வாண்டிலே, கி. பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வைக்கிங் கொள்ளையர் காலத்திற் புதைக்கப்பட்ட இரு வைப்புகள் இங்கிலாந்தில் வெளிப்பட்டன. ஒன்று ஒக்ஸ்போர்ட்சயரிலுள்ள வொட்லிங்டன் அருகே கிடைத்தது. கண்டவர் அறிவித்தார், ஆராய்ச்சியாளர் மண்கட்டியோடு பெயர்த்து எடுத்துச் சென்று ஆய்வுகூடத்தில் மெல்லப் பிரித்தனர். ஏறத்தாழ 200 காசுகள் கிடைத்தன. ஒக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலை அவ்வைப்பை 2017இல் 13½ இலட்சம் பவுணுக்குக் கொண்டது. மற்றது ஹெரபோர்ட்சயரிற் கிடைத்தது. கண்ட இருவரும் அறிவிக்கவில்லை. காசுகளை இரகசியமாய் வணிகருக்கு விற்றனர். 2019இல் அவர்கள் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டு நெடுஞ்சிறை பெற்றனர். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் எனக் கருதப்பட்ட அவ்வைப்பிலிருந்து வழக்கு முடியும்வரையில் மீண்டவை 31 மாத்திரமே. பின்னரும் சில மீட்கப்பட்டன. பெரும்பாலானவை இன்னுங் காணப்படவில்லை.

இழந்தது யாது? இரு வைப்புகளிலும் வெசெக்ஸ் மன்னன் அல்பிரட்டும், மேர்சியா மன்னன் சியோல்வுல்ப்பும் ஒரே மாதிரியாக அடித்த காசுகள் இருந்தன. ஒரு முகத்தில் மன்னன். மறுமுகத்தில் அருகருகே அமர்ந்த பேரரசர் இருவர். சியோல்வுல்ப்பை அறிவற்ற ஒருவனாகவும் வைக்கிங்குகளின் கைப்பொம்மையாகவும் பழைய ஆங்கில வரலாற்றேடு எழுதிவைத்தது. அவ்வேடோ அல்பிரட்டின் சார்பில் எழுந்தது. இரு மன்னரும் சமநிலையில் உடன்பட்டுக் காசடித்தனர் என்பதைக் காசுகள் உரைக்கின்றன. வென்றோர் எழுதிய ஏட்டினால் இகழப்பட்ட ஒருவனுக்காகச் சாட்சி சொல்ல மண்ணுக்குள்ளிருந்து வந்தவை அவை. வொட்லிங்டன் காசுகள் சாட்சி சொல்லின. ஹெரபோர்ட்சயர்ச் சாட்சிகளிற் பெரும்பகுதியின் வாய் அடைக்கப்பட்டது. முறைப்படி அறிவித்திருப்பின் அவ்விருவரும் பெருந்தொகை பெற்றிருப்பர் என்பதே இதில் இரங்கத்தக்கது.

அண்டை நாடாகிய இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம் வேறொரு வழியை வகுத்தது. பத்து ரூபாவுக்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் கலெக்டருக்கு எழுத்தில் அறிவித்துப் பொருளையும் ஒப்படைத்தல் வேண்டும். கலெக்டர் விளம்பரஞ் செய்வார். நூறாண்டுக்குள் தன் முன்னோர் வைத்தது என நிறுவுவோர் இல்லையாயின் அது உடையவனற்றது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து நான்கில் மூன்று பங்கு கண்டவனுக்கும் ஒரு பங்கு நிலத்தவனுக்கும் சேரும். அறிவிக்காதவன் தன் பங்கை இழப்பதோடு தண்டனையும் பெறுவான். கண்டவனுக்கு இத்துணைத் தாராளமாகப் பங்களித்த சட்டம் அரிது. ஆயினும் அதனுள் ஒரு குறையும் உண்டு. அரசு பொருளைக் கொள்ள விரும்பின், உலோகத்தின் விலையும் அதன் ஐந்திலொன்றுமே கொடுக்கும். தட்டாரின் உலையில் உருக்கினாலும் உலோக விலை கிடைக்கும். விசாரணையும் இல்லை, விளம்பரமும் இல்லை, பங்காளியும் இல்லை. ஐந்திலொன்றுக்காக எத்துணை ஏழைகள் கலெக்டரின் வாயிலிற் காத்திருப்பர்?

1946ஆம் ஆண்டிலே பரத்பூர் இராச்சியத்தில் பயானா என்னும் ஊருக்கண்மையில் குப்தப் பேரரசரின் பொற்காசுகள் நிறைந்த செப்புக்குடம் அகப்பட்டது. மீட்கப்பட்டவை 1,821, அதற்கு முன்னரே ஒரு பகுதி உருக்கப்பட்டுவிட்டது. அறிஞர் அல்தேகர் அவற்றை ஆராய்ந்து 1954இல் விரிவான பட்டியல் நூலை வெளியிட்டார். முன்னர் அறியப்படாதிருந்த காசு வகைகள் அதனுட் காணப்பட்டன. இரண்டாம் சந்திரகுப்தனின் சக்கரவிக்கிரம வகையில் ஒரேயொரு காசு அக்குடத்தினுள் இருந்தது. அவ்வொன்றும் உலைக்குப் போயிருப்பின் அவ்வகை இருந்தது என்பதே உலகுக்குத் தெரியாது. உருகிப்போனவற்றுள் அதுபோல வேறெவை இருந்தனவோ!

தமிழகத்தின் புதுக்கோட்டைச் சீமையிலே 1898ஆம் ஆண்டில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவற்றிற் பெரும்பாலானவற்றிலே பேரரசனின் தலையுருவின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. அவை மறுபடியுங் காசாக வழங்காதபடி வெட்டப்பட்டன என்பர் ஆய்வாளர். தமிழர் உரோமக் காசைப் பொன்னாகவே மதித்து நிறுத்துக் கொண்டனர் என்னும் கருத்துக்கு இவ்வெட்டுக்கள் துணைபுரிகின்றன. உருக்கினால் முதலில் மறைவது அவ்வெட்டே.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கையின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டமாகும். எனினும் தொல்பொருளைப் பொறுத்தமட்டில், நாம் ஹேட்ரியனை விட்டு வள்ளுவர் கூறிய உறுபொருள் வழியிலேயே செல்கின்றோம் எனலாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு, முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என வரையறுக்கின்றது. காணியின் உறுதி கையில் இருப்பதனால் மாத்திரம் அதனுட் கிடைத்த தொல்பொருள் காணிக்காரருக்கு உரியதாகாது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் கண்டுபிடிக்கப்படும் தொல்பொருள் அச்சட்டத்தின் ஏற்பாடுகளுக்கு அமைய அரசுக்கே உரியது. கண்டவர் அறிவித்தல் கடன். அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் குற்றம். ஆயினும் புதையல் தோண்டியோர் கைதான செய்தி நம் பத்திரிகைகளில் இடைவிடாது வெளிவருகின்றது. மந்திரவாதியின் சொல்லை நம்பி, இரவிலே, பழங் கோயிலின் அடித்தளத்தையும் தாதுகோபத்தின் நடுவையும் பிளந்து தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகின்றனர். அவர்கள் பிளந்த கட்டடமோ மீளாது.

இத்தீவிலே கி. பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுக்குரிய சின்னஞ்சிறு உரோமச் செப்புக்காசுகள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. யாழ்ப்பாண மன்னர் வெளியிட்ட சேது நாணயங்களும் கிடைக்கின்றன. இவற்றின் உலோக விலை மிகச் சொற்பம். அவை கூறும் செய்தியோ வேறு ஏடுகளிற் காணக் கிடையாதது. எழுத்தாவணம் குறைந்த நாட்டுக்கு ஒவ்வொரு காசும் ஓர் ஆவணம். அது கிடந்த இடத்தோடும் உடன் கிடந்தவற்றோடும் சேர்ந்தே ஆவணம்.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. புதையல் யாருக்கு என்பதை எச்சட்டமும் எளிதில் எழுதிவிடலாம். அதனைக் கண்டவன் வாய் திறப்பானா என்பதே சட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்கின்றது. கண்டவனுக்கு ஒன்றும் இல்லை என்னும் சட்டம் குடத்தை உலைக்கு அனுப்பும். உலோக விலைக்கு மேற் சிறிதே கொடுக்கும் சட்டமும் அவ்வாறே. உடைமை நாட்டுக்கு என்றும், அறிவித்தவனுக்கும் நிலத்தவனுக்கும் தக்க பரிசு தாமதமின்றி என்றும் வகுக்கும் சட்டமே காசுகளை வெளிச்சத்துக்குக் கொணரும். அறிவித்தவனுக்குப் பங்கு என்று கௌடிலியர் அன்றே விதித்தமையின் அருமை இதுவே. பரிசு என்பது காசின் விலை மாத்திரமன்று. உண்மை உரைத்தமைக்கு நாடு செலுத்தும் நன்றியுமாகும்.

கடைசி வாங்கில் இருந்த அம்மாணவனுக்கு அடுத்த வாரம் இவ்வாறு விடை கூறினேன்: "தம்பி, குடம் நாட்டுக்கு உரியது. ஆனால் அது நாட்டுக்குக் கிடைப்பதும் கிடையாமற் போவதும் அந்நேரத்தில் மண்வெட்டியைப் பிடித்திருப்பவர் கையிலேயே இருக்கின்றது. அகப்பட்டால் மேலுந் தோண்டாதே, காசைக் கழுவாதே, உரைத்துப் பாராதே, ஒருவருக்கும் ஒன்றும் பங்கிடாதே. இருந்தபடியே விட்டுவிட்டு உரிய அதிகாரிகளுக்கு அறிவி." அவன் சிறிது சிந்தித்துவிட்டு, "அப்படியானால், ஐயா, கிணறு வெட்டுகிறவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமே" என்றான். அவன் சொன்னது சரி. சட்டம் நூலில் இருந்தாற் போதாது. மண்வெட்டி பிடிக்கும் கை அதனை அறிந்திருத்தல் வேண்டும். அக்கல்வியை ஊருக்கு எடுத்துச் செல்லக்கூடியவர் நம் மாணவரே.